செவிலியரும் பணியிடமும்

நோய் தீர மருந்து எத்துணை இன்றியமையாததோ, அத்துணை இன்றியமையாதது செவிலியரின் தொண்டு. அத்தொண்டு சிறக்க அன்பும் பயிற்சியும் மட்டும் போதுமா? போதா. பணிபுரியும் இடமும் அதற்கு இசைந்திருத்தல் வேண்டும்.

1853ஆம் ஆண்டில், இலண்டன் மாநகரில் ஹார்லி தெருவிலிருந்த ஒரு சிறு மருத்துவமனையின் பொறுப்பைப் பிளாரன்சு நைட்டிங்கேல் அம்மையார் ஏற்றார். வெந்நீருக்கும் உணவுக்குமாகச் செவிலியர் மாடிப்படிகளில் ஓயாது ஏறி இறங்கினால், நோயாளியின் அருகில் இருப்பவர் யார்? ஆதலின், ஒவ்வொரு மாடிக்கும் குழாய்வழியே வெந்நீர் வருதல் வேண்டும். உணவு தூக்குப்பொறியில் மேலேறுதல் வேண்டும். மணி ஒலித்ததும் அழைத்தவர் இன்னார் எனத் தெரிதல் வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார்.

வசதியைப் போன்றே ஆள்பலமும் வேண்டும். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநில மருத்துவமனைகளைப் பற்றிய ஆய்வொன்று 2002இல் வெளிவந்தது. ஒரு செவிலியர் கவனிக்கும் அறுவை நோயாளிகளின் எண்ணிக்கையில் ஒன்று கூடுந்தோறும், அந்நோயாளிகள் 30 நாள்களுக்குள் இறக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 7 விழுக்காடு மிகுந்திருந்ததை அது காட்டியது. கை இரண்டே, பார்க்க வேண்டிய கட்டில்களோ பல!

ஆகவே, செவிலியரின் கடமையை எடுத்துரைக்குமுன், அவர்க்கு நாம் செய்ய வேண்டிய கடமையை நினைத்தல் நன்று.