நெல் வழிகாட்ட, கேழ்வரகு

நெல்லையும் கேழ்வரகையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கதிரும் வேறு, மணியும் வேறு. நெல்லுக்கு 12 ஜோடிக் குரோமோசோம்கள். கேழ்வரகுக்கு 18 ஜோடி. ஆயினும் நெல்லிலிருந்து எடுத்த அடையாளங்களைக் கொண்டு கேழ்வரகின் உள்ளமைப்பை ஆராய்ந்திருக்கிறார்கள் என்றால் வியப்பாக இல்லையா?

குரோமோசோமை ஒரு நீண்ட சாலை என்று கொண்டால், மரபு அடையாளங்கள் அதன் ஓரத்து மைல் கற்கள். நோயைத் தாங்கும் ஜீன் எதுவென்று தெரியாவிட்டாலும், அது எந்தக் கல்லின் அருகே இருக்கிறது என்று தெரிந்தால் போதும். நாற்றுப் பருவத்திலேயே ஓர் இலையைக் கிள்ளிச் சோதித்து, வேண்டிய செடியைப் பொறுக்கி எடுத்துவிடலாம்.

ஒரு பயிரின் கல் இன்னொரு பயிரில் எப்படிப் பயன்படும்? டி.என்.ஏ. இரண்டு இழைகளால் ஆனது. ஏறத்தாழ 95 டிகிரி வரை சூடாக்கினால் இழைகள் பிரிகின்றன. ஆறவிட்டால் ஒவ்வோர் இழையும் தன் இணையைத் தேடிச் சேர்கிறது. நெல்லின் டி.என்.ஏ. துண்டு ஒன்றில் கதிரியக்கப் பாஸ்பரஸைச் சேர்த்து, கேழ்வரகின் டி.என்.ஏ. பதிந்த படலத்தின்மேல் விடுவார்கள். இணை கிடைத்த இடத்தில் அது ஒட்டிக்கொள்ளும். எக்ஸ்-ரே பிலிமில் கறுப்புக் கோடாகத் தெரியும். இரு பயிர்களும் எழுத்துக்கு எழுத்து ஒன்றல்லவே என்று கேட்பீர்கள். வெப்பநிலையைச் சற்றுக் குறைத்து, உப்பைக் கூட்டினால், அரைகுறையாகப் பொருந்திய இணையும் பிரியாமல் நிற்கும். இரண்டு இழைகளுக்கும் எதிர் மின்னூட்டம் உண்டு. அவை ஒன்றையொன்று விலக்கும். உப்பிலுள்ள சோடியம் அயனிகள் அந்த விலக்கலைத் தணிக்கின்றன. (கூலூம் விதி பரீட்சைக்கு மட்டும் உரியதன்று!)

1988-இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தார் தக்காளியின் துண்டுகளைக் கொண்டே உருளைக்கிழங்கின் குரோமோசோம் வரைபடத்தை வரைந்தனர். கற்கள் பெரும்பாலும் அதே வரிசையில் இருந்தன! 1995-இல் இங்கிலாந்தின் நாரிச் நகரில் கிரஹாம் மூர், மைக் கேல் முதலியோர் நெல், கோதுமை, சோளம் போன்ற புல்லினப் பயிர்களின் வரைபடங்களை ஒன்றனுள் ஒன்றாக வட்டங்களாக அடுக்கிக் காட்டினர்.

கேழ்வரகின் முறை 2007-இல் வந்தது. அதன் 18 ஜோடிகள் இரண்டு முன்னோர்களிடமிருந்து ஒன்பது ஒன்பதாக வந்தவை. ஆகவே 9 தொகுதிகள் என்று கொள்ளலாம். அவற்றில் 6 தொகுதிகள் ஒவ்வொன்றும் நெல்லின் ஒரு குரோமோசோமுக்கு ஒத்திருந்தன. மீதி மூன்றும் இவ்விரண்டு குரோமோசோம்களுக்கு. கூட்டிப் பாருங்கள், 12 வருகிறதா? அந்த மூன்றிலும், ஒரு புத்தகத்தின் நடுவே இன்னொன்றைச் செருகியதுபோல், ஒரு குரோமோசோமின் மையத்தில் மற்றொன்று நுழைந்திருந்தது. இரு பயிர்களும் பிரிந்து ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகள் ஆகியும் இவ்வளவு ஒழுங்கு!

நெல் ஆராய்ச்சிக்குப் பல நாடுகள் பணத்தைக் கொட்டின. மானாவாரி நிலத்து ஏழை உழவர்களின் கேழ்வரகுக்கு அப்படி யார் செலவழித்தார்கள்? அதனால்தான் இந்தக் கடன் வாங்கும் முறை எனக்குப் பெரிதாகப் படுகிறது.

ஆனால் ஒரு சிக்கல் உண்டு. கேழ்வரகின் பெரும் பகை குலை நோய். இந்த நோயைப் போன்றவற்றைத் தாங்கும் ஜீன்களோ பூஞ்சையுடன் ஓயாமல் போராடுவதால் வேகமாக மாறுகின்றன, இடமும் பெயர்கின்றன. நெல், பார்லி, தினை ஆகியவற்றை ஒப்பிட்ட 1998-ஆம் ஆண்டு ஆய்வு இதைக் காட்டியது. நெல்லின் கல்லைப் பிடித்துக்கொண்டு போனால், எந்த ஜீன் மிக அவசரமாகத் தேவையோ அதுவே அங்கே இல்லாமல் போகலாம்.

2017-இல் பெங்களூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் கேழ்வரகின் டி.என்.ஏ. வரிசையின் முதல் வரைவை வெளியிட்டனர். குலை நோயைத் தாங்கும் ஜீன்களைக் கேழ்வரகின் சொந்தக் கற்களைக் கொண்டே தேடும் வேலை அதன்பின் எளிதாகியிருக்கிறது.