வீட்டு வலையமைப்புக்கு ஒரு மத்திய நிர்வாகக் கருவி

நிலபுலமுடைய குடும்பங்கள் பலவற்றில் இணையத் தொடர்பு இக்காலத்தில் பண்ணை நிர்வாகத்தின் ஓர் அங்கமாகவே ஆகிவிட்டது. பம்பு செட்டைக் கைபேசி மூலம் ஓட்டுவதும் நிறுத்துவதும், களத்திலும் மாட்டுக் கொட்டகையிலும் வைத்துள்ள காமிராக்களைப் பார்வையிடுவதும், சந்தை நிலவரத்தை விசாரிப்பதும், பட்டா, சிட்டா நகல்களைப் பெறுவதும் அதன் வாயிலாகவே நடைபெறுகின்றன. ஆயினும், இத்தொடர்பை வீடெங்கும் பரப்பும் கருவிகளை ஒழுங்காக நிர்வகிப்பதில் பலர் போதிய கவனம் செலுத்துவதில்லை.

குறைபாடு யாது?

முதலில் வீட்டில் ஒரு ரௌட்டர் வைக்கப்படுகிறது. அதன் அலை மாடிக்கு எட்டாமையால் அங்கு ஓர் ஆக்ஸஸ் பாயிண்ட் சேர்க்கப்படுகிறது. பின்னர் கொட்டகைக்கு ஒன்று, பம்பு ஷெட்டுக்கு ஒன்று. ஒவ்வொன்றும் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு ஆட்களால், வெவ்வேறு கடவுச்சொற்களுடன் அமைக்கப்பட்டதாயிருக்கும். கடவுச்சொல் அறிந்த பணியாள் ஒருவர் வேலையை விட்டு நீங்கினால், அதனை எல்லாக் கருவிகளிலும் தனித்தனியே மாற்ற வேண்டும். ஒன்றை மறந்தாலும் காமிராக்களும் பம்பு செட்டும் அயலார் கைக்கு எட்டக்கூடும். மூன்று படல்களைச் சாத்திவிட்டு நான்காவதைத் திறந்து வைத்தால் வேலியால் பயன் என்ன?

இரண்டாவது குறை அலைவரிசை மோதல். 2.4 கிகாஹெர்ட்ஸ் பிரிவில் ஒன்றன்மேல் ஒன்று படியாமல் பயன்படுத்தத்தக்க தடங்கள் வழக்கமாக 1, 6, 11 என்னும் மூன்றே. அடுத்தடுத்த கருவிகள் ஒரே தடத்தில் பேசினால் இரண்டும் தாமதப்படும்.

கருவியின் இயல்பு

இக்குறைகளைக் களைய ஏற்பட்டதே கண்ட்ரோலர் எனப்படும் நிர்வாகக் கருவி. ஏரிப் பாசனமுள்ள கிராமங்களில் நீர்க்கட்டி என்றும் நீர்பாய்ச்சி என்றும் வழங்கப்படுபவரின் தொழிலை இதற்கு ஒப்பிடலாம். ஏரியில் நீரைப் பெருக்குவது அவரால் ஆகாது. உள்ள நீரை எந்த மடையில், எப்பொழுது, எவ்வளவு விடுவது என்பதை ஒரே ஒழுங்கில் நடத்துவதே அவர் பணி. அதுபோலவே கண்ட்ரோலர் இணைய வேகத்தை அதிகரிப்பதில்லை. கைபேசிக்குச் செல்லும் செய்திகளும் அதன் வழியே போவதில்லை. கருவிகள் அனைத்திற்கும் ஒரே இடத்திலிருந்து கட்டளை தருவதும், அவற்றின் நிலையைக் காட்டுவதுமே அதன் வேலை. ஆகையால், அது சிறிது நேரம் நின்றுபோனாலும் ஆக்ஸஸ் பாயிண்ட்கள் கடைசியாகப் பெற்ற கட்டளைப்படி இயங்கிக்கொண்டிருக்கும்.

உதாரணமாக, டி.பி.லிங்க் கம்பெனியாரின் ஓமாடா வரிசையைச் சேர்ந்த ஓசி 200 என்னும் பெட்டி உள்ளங்கையளவே உள்ளது. இரண்டு கேபிள் துளைகளும், சேமிப்புக் குச்சி செருக ஒரு துளையும் உடையது. 5 வோல்ட், 1 ஆம்பியர் மின்சாரம் இதற்குப் போதும். கேபிள் வழியே மின்சாரம் தரும் ஸ்விட்ச் இருந்தால் தனி மின்கம்பி தேவையில்லை.

யாருக்கு அவசியம்?

ஒரே ரௌட்டருடன் வாழும் குடும்பத்திற்கு இது வீண் செலவு. மூன்றும் அதற்கு மேலும் ஆக்ஸஸ் பாயிண்ட்கள் உள்ளவர்களுக்கே பயன் தெளிவாக விளங்கும். மேலும், ஒரு கம்பெனியின் கண்ட்ரோலர் பொதுவாக அக்கம்பெனியின் குறித்த வரிசைக் கருவிகளையே ஏற்கும். வாங்குமுன் தம்மிடமுள்ள மாதிரி எண்கள் கம்பெனியாரின் பட்டியலில் உள்ளனவா என்று பார்த்துக்கொள்வது முதற்கடமை. இணையச் சேவையாளர் கொடுத்த ரௌட்டர் பட்டியலில் இராவிடினும் பாதகமில்லை. அது வழக்கம்போல் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். வீட்டில் எந்நேரமும் ஓடும் கம்ப்யூட்டர் இருந்தால், பெட்டி வாங்காமலே ஓமாடா கண்ட்ரோலர் மென்பொருளை இலவசமாக அதில் நிறுவிக்கொள்ளலாம்.

சேர்க்கும் முறை

1. ஒவ்வொரு கருவியின் மாதிரி எண், இருப்பிடம், வைஃபை பெயர், கடவுச்சொல், கருவிக்குள் நுழையும் பயனர் பெயர் ஆகியவற்றை எழுத்துப் பிசகாமல் ஒரு குறிப்பேட்டில் பதிந்துகொள்ள வேண்டும்.

2. ஆக்ஸஸ் பாயிண்ட்கள் சேர்ந்துள்ள அதே ஸ்விட்ச்சில் கண்ட்ரோலரைக் கேபிளால் இணைக்க வேண்டும். ஒரே வலையமைப்பில் இருந்தால்தான் அவை தாமாகவே அதன் பார்வைக்கு வரும்.

3. ரௌட்டர் அதற்கு ஓர் ஐ.பி. விலாசம் வழங்கும். அவ்விலாசம் மாறாதபடி ரௌட்டரிலேயே ஒதுக்கிவைத்தல் நலம்.

4. கண்ட்ரோலருக்குப் புதிய, வலுவான கடவுச்சொல் அமைத்து, நாடு, நேரம் ஆகியவற்றைச் சரியாகக் குறிக்க வேண்டும். பிறகு, பழைய வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையும் அப்படியே அதில் முன்கூட்டிப் பதிய வேண்டும். இவ்வாறு செய்தால் வீட்டிலுள்ள கைபேசிகளும் காமிராக்களும் புதிதாக அமைக்க வேண்டிய சிரமமின்றித் தாமே மீண்டும் சேர்ந்துகொள்ளும்.

5. அதன் பின்னரே ‘அடாப்ட்’ என்னும் பொத்தானை அழுத்தி, ஒவ்வொரு கருவியாக ஏற்கச் செய்ய வேண்டும். ஏற்கப்பட்ட கருவியில் முன்பிருந்த அமைப்பு நீங்கி, கண்ட்ரோலரின் அமைப்பு குடிபுகும். சில நிமிஷங்கள் தொடர்பு அறும். எனவே முக்கியத்துவம் குறைந்த கருவியில் தொடங்கி, அது நன்கு இயங்குவதைக் கண்ட பின் அடுத்ததற்குச் செல்க. முறைத் தண்ணீர் பாயும் நாளில் பம்பு ஷெட்டுக் கருவியைத் தொடலாகாது.

6. ஏற்பதில் தடை நேர்ந்தால், பெரும்பாலும் அக்கருவிக்கென முன்பு வைத்த பயனர் பெயரும் கடவுச்சொல்லுமே கேட்கப்படுகின்றன என்று அறிக. அவை மறந்துபோயிருந்தால் ரீசெட் பொத்தானை அழுத்திப் பழைய அமைப்பை அழிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

பம்பு செட்டையும் காமிராவையும் இயக்கும் மலிவான கருவிகள் பல 2.4 கிகாஹெர்ட்ஸ் பிரிவில் மட்டுமே பேசக்கூடியவை, டபிள்யூ.பி.ஏ.3 என்னும் புதிய பாதுகாப்பு முறையையும் அறியாதவை. அவற்றின் பொருட்டு அப்பிரிவை நிறுத்தாமல், டபிள்யூ.பி.ஏ.2 முறையுடன் வைத்திருத்தல் வேண்டும். விருந்தினர்க்கும் தற்காலிகப் பணியாளர்க்கும் தனிப் பெயரில் ஒரு விருந்தினர் வலையமைப்பைத் திறந்துவிட்டால், அவர்கள் இணையத்தை அனுபவிக்கலாம்; வீட்டுக் கருவிகளை அணுக இயலாது.

எச்சரிக்கைகள்

சாதாரணச் செம்புக் கேபிள் 100 மீட்டருக்கு மேல் செல்லலாகாது. தொலைவிலுள்ள பம்பு ஷெட்டுக்கு ஒளியிழைக் கேபிளே தகுந்தது. மின்னல் தாக்கம் செம்புக்கம்பி வழியே வீட்டுக் கருவிகளுக்கு ஓடிவரும் அபாயமும் அதனால் குறைகிறது.

மின்சாரம் திடீரென நின்றால் கண்ட்ரோலரின் பதிவுகள் பழுதாகக்கூடும். அதனையும் ஸ்விட்ச்சையும் யு.பி.எஸ். மூலம் இயக்குவது சிறந்தது. அமைப்பு முழுவதையும் பிரதி எடுத்து வேறிடத்தில் வைத்திருந்தால், பெட்டியே பழுதானாலும் புதிய பெட்டியில் அதனை ஏற்றிப் பழைய நிலையை அடையலாம். பிரதி இல்லையேல் எல்லாக் கருவிகளையும் மீண்டும் ஒவ்வொன்றாக அமைக்க நேரும்.

வெளியூரிலிருந்து நிர்வகிக்கும் வசதியைத் தேவையுள்ளவர்கள் மட்டுமே திறந்துவைக்க வேண்டும். எல்லா மடைகளின் திறவுகோலும் ஒரே இடத்தில் சேர்வதால், அவ்விடத்தைக் காப்பதில் இருமடங்கு கவனம் தேவை. கண்ட்ரோலரின் கடவுச்சொல்லை எழுதி, நிலப் பத்திரங்களுடன் பெட்டகத்தில் வைத்து, குடும்பத்தில் பொறுப்புள்ள மற்றொருவருக்கும் அதன் இருப்பிடத்தைத் தெரிவித்தல் முறையாகும்.

கிராம அலுவலகங்களிலும் கூட்டுறவுச் சங்கங்களிலும் பல கருவிகள் இருந்தால் இம்முறையே பொருந்தும். ஆயினும் மேலதிகாரிகளின் அனுமதியின்றி அங்கு எதனையும் மாற்றலாகாது.

கருவிகள் பெருகுவதனால் மட்டும் பண்ணைக்கு நன்மை விளைந்துவிடாது. இருப்பவை எவை, அவற்றின் சாவி யாரிடம் உள்ளது என்பதை உடையவர் அறிந்திருத்தல் வேண்டும். கண்ட்ரோலர் வாங்குவோரும் வாங்காதோரும் இந்த மாதத்திலேயே மேற்கூறிய குறிப்பேட்டை எழுதி முடிப்பார்களாயின், வேலையில் பாதி நிறைவேறியதாகும்.