தேர்ச்சி அறிக்கையைப் பூட்டி அனுப்புவோம்: ஐசி எண் சாவி ஆகாது



வகுப்பில் 25 மாணவர்கள். ஆளுக்கொரு தேர்ச்சி அறிக்கை என்று 25 மின்னஞ்சல் அனுப்பினால் ஒரு மாலைப்பொழுது போய்விடும். பைத்தான் நிரல் ஒன்று இருந்தால் சில நிமிட வேலைதான். ஆனால் எக்செல் பட்டியலில் முகவரிப் பத்தி ஒரு வரி நகர்ந்துவிட்டால் என்ன ஆகும்? ஒரு பிள்ளையின் அறிக்கை இன்னொரு பிள்ளையின் வீட்டில் போய் நிற்கும். ஈஜோக், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா பக்கத்துத் தோட்டங்களில் ஒருவரை ஒருவர் அறியாத குடும்பம் ஏது? நிரல் அனுப்பியதைத் திரும்பப் பெறவும் வழியில்லை.

'ஜிமெயில் பாதுகாப்பானதுதானே?' என்று கேட்கலாம். அந்தப் பாதுகாப்பு, மடல் போகும் வழிக்குத்தான். தவறான கைக்குப் போய்ச் சேர்ந்த மடலை அது காப்பாற்றாது. அதற்குக் கோப்பையே பூட்ட வேண்டும்.

பலரும் உடனே நினைப்பது பிள்ளையின் மைகிட் எண்ணை. வேண்டாம். அதில் உள்ள 12 இலக்கங்களில் முதல் 6 பிறந்த தேதி. வகுப்பிலேயே கேக் வெட்டியிருப்போம், எல்லாருக்கும் தெரியும். அடுத்த 2 பிறந்த இடம். சிலாங்கூர் என்றால் பொதுவாக 10. மிச்சம் 4. கடைசி இலக்கம் ஆணுக்கு ஒற்றைப்படை, பெண்ணுக்கு இரட்டைப்படை. ஆக, முயன்று பார்க்க 5,000 எண்கள்தான். கணினிக்கு அது ஒரு வேலையே இல்லை.

செய்ய வேண்டியவை:

1. ஒவ்வொரு அறிக்கையையும் தனித்தனி பிடிஎஃப் ஆக்குங்கள். கோப்புக்குப் பெயர் வேண்டாம், வரிசை எண் போதும். மின்னஞ்சலின் தலைப்பும் கோப்பின் பெயரும் பூட்டுக்கு வெளியே இருப்பவை.

2. பிள்ளைக்கு ஒரு கடவுச்சொல் வீதம் நிரலே தற்செயலாக உருவாக்கட்டும். 12 எழுத்தாவது இருக்கட்டும். பைபிடிஎஃப் அல்லது கியூபிடிஎஃப் கொண்டு ஏஇஎஸ்-256 முறையில் பூட்டுங்கள்.

3. பூட்டும் வேலையை முதலில் முடித்து, நான்கைந்து கோப்புகளைத் திறந்து சரிபாருங்கள். பிறகே அனுப்பும் நிரலை ஓட்டுங்கள். இரண்டையும் ஒன்றாக்கி, முகவரி இருக்கும் வரியிலிருந்தே கடவுச்சொல்லையும் எடுத்தால், வரி நகரும்போது சாவியும் சேர்ந்து நகரும். அப்புறம் பூட்டி என்ன பயன்?

4. ஜிமெயில் வழி அனுப்ப உங்கள் சொந்தக் கடவுச்சொல் வேண்டாம். இரண்டு கட்டச் சரிபார்ப்பை இயக்கி, 16 எழுத்து 'செயலிக் கடவுச்சொல்' பெறுங்கள். அதையும் நிரலுக்குள் எழுதி வைக்காதீர்கள். நிரலை நண்பருக்குக் கொடுத்தால் சாவியும் கூடவே போகும்.

5. முதல் ஓட்டத்தில் 25 மடலும் உங்கள் முகவரிக்கே வரட்டும்.

பெற்றோருக்கான கடவுச்சொல்லை அதே மின்னஞ்சலில் எழுதாதீர்கள். சிறு தாளில் எழுதி, பெற்றோர் பள்ளிக்கு வரும் நாளில் நேரில் கொடுங்கள். வர முடியாதவர்களுக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள். புலனக் குழுவில் மட்டும் போட்டுவிடாதீர்கள்.

மடல் முகவரி மாறிப் போனாலும், கையில் கொடுத்த தாள் மாறாது. அடுத்த வீட்டுக்குப் போன அறிக்கை, அங்கே திறக்காது.