வாயடைத்துப் பிடிபட்ட புழு

2025 ஜனவரி 30 அன்று உலக சுகாதார நிறுவனம் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. மேற்கு ஆப்பிரிக்காவின் நைஜர் நாட்டில் ஆற்றுக் குருட்டு நோய் பரவுவது நின்றுவிட்டது. அந்தக் கண்டத்தில் இந்த நிலையை எட்டிய முதல் நாடு அதுதான். அந்தச் செய்தியில் நமக்குப் பழகிய ஒரு பெயரும் இருந்தது: ஐவர்மெக்டின். கொரோனா நாட்களில் நம்மில் பலர் மருந்துக்கடையில் வாங்கி விழுங்கிய அதே மாத்திரை.

இதை மெர்க் நிறுவனம் 1987 முதல் இந்த நோய்க்கு இலவசமாகக் கொடுத்துவருகிறது. ஏழை நாடுகளுக்கு மருந்து நிறுவனங்கள் செய்யும் உதவி என்று பேச்சு வந்தால் முதலில் இதைத்தான் காட்டுவார்கள். நிறுவனங்களின் தான அறிவிப்புகளை நான் சந்தேகத்தோடுதான் படிப்பேன். ஆனால் இந்த ஒன்றை மனதாரப் பாராட்டுகிறேன். காரணம் அந்த நோயைத் தரும் புழுவின் உடம்புக்குள் இருக்கிறது.

நோயைப் பரப்புவது கறுப்பு ஈ. வேகமாக ஓடும் ஆற்று நீரில்தான் அது முட்டையிடும். அதனால் மண் செழித்த ஆற்றங்கரைகளை விட்டு ஊர் ஊராக ஜனங்கள் வெளியேறினார்கள். ஈ கடிக்கும்போது உள்ளே போகும் புழு தோலுக்கடியில் ஒரு கட்டிக்குள் குடியேறும். அங்கே தாய்ப்புழு 10 முதல் 15 ஆண்டுகள் உயிரோடிருந்து, நாளொன்றுக்குச் சுமார் ஆயிரம் குஞ்சுகளை வெளியே விடும். குஞ்சுகள் தோலெங்கும் ஊர்வதால் தாங்க முடியாத அரிப்பு. கண்ணுக்குள் போய்ச் செத்தால் அங்கே அழற்சி கிளம்பும். வருஷக்கணக்கில் அது தொடர்ந்து பார்வை மங்கி அணைந்துவிடும்.

மருந்தின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜப்பானில் சதோஷி ஓமுரா ஒரு கோல்ஃப் மைதானத்துக்குப் பக்கத்திலிருந்து எடுத்த மண்ணில் இருந்த நுண்ணுயிரியிலிருந்து வந்தது இது. மெர்க்கில் வில்லியம் கேம்ப்பெல் குழு அதன் திறனைக் கண்டறிந்தது. 1981இல் கால்நடை மருந்தாக விற்பனைக்கு வந்தது. அதே ஆண்டு செனகலில் மனிதர்களிடம் முதல் சோதனை. இருவருக்கும் 2015இல் நோபல் பரிசு.

இனி விஷயத்துக்கு வருவோம். புழுக்களின் நரம்பிலும் தசையிலும், குளூட்டமேட் பட்டால் திறக்கும் குளோரைடு வாயில்கள் உண்டு. நமக்கு அவை இல்லை. ஐவர்மெக்டின் அந்த வாயிலை மூடவிடாமல் திறந்தே வைத்துவிடும். குளோரைடு உள்ளே பாயும், நரம்பு அடங்கும், புழு முடங்கும். பாடப்புத்தகம் இத்தோடு நிறுத்திக்கொள்ளும். ஆனால் ஆய்வகத்தில் ஒரு புதிர் காத்திருந்தது. ரத்தத்தில் இருக்கும் அதே அளவு மருந்தைத் தட்டில் ஊற்றிக் குஞ்சுப் புழுக்களை விட்டால், அவை பாட்டுக்கு நெளிந்துகொண்டிருக்கின்றன. மனித உடம்பிலோ ஒரே வேளை மாத்திரையில் தோலிலிருந்து மிக வேகமாகக் காணாமல் போகின்றன. அப்படியானால் கொன்றது யார்?

2010இல் வந்த ஓர் ஆய்வு நல்ல விடை ஒன்றைத் தந்தது. ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது யானைக்கால் நோயைத் தரும் புரூகியா மலாயி. ஆற்றுக் குருட்டுப் புழுவுக்குப் பங்காளி. அதன் குஞ்சுகளில் இந்தக் குளோரைடு வாயில்கள் கழிவுத் துளையைச் சுற்றியிருக்கும் தசையில் குவிந்திருந்தன. அந்தத் துளை வழியாகத்தான் குஞ்சு பல புரதங்களைக் கசியவிடுகிறது. நம் எதிர்ப்புச் செல்களின் கண்ணில் படாமல் இருக்க அந்தக் கசிவு அதற்கு உதவுகிறது என்று கருதுகிறார்கள். மருந்து பட்டதும் கசிவு குறைந்துபோனது.

கல்யாண மண்டபத்துக்குள் அழைப்பில்லாமல் நுழைந்தவரை நினைத்துக்கொள்ளுங்கள். பெண் வீட்டார் கேட்டால் மாப்பிள்ளை வீட்டுச் சொந்தம் என்பார். மாப்பிள்ளை வீட்டார் கேட்டால் பெண்ணுக்குச் சித்தப்பா முறை என்பார். பேசிக்கொண்டே இருக்கும் வரை பந்தி பந்தியாகச் சாப்பிடலாம். ஐவர்மெக்டின் அவரை அடிப்பதில்லை. வாயில் பெரிய அல்வாத் துண்டை வைத்து அடைத்துவிடுகிறது, அவ்வளவுதான். யாரோ "நீங்க யாரு?" என்று கேட்கிறார்கள். பதில் வரவில்லை. வாசலில் நிற்கும் மாமாக்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். மீதி வேலையை அவர்கள் முடித்துவிடுவார்கள். ஆய்வகத் தட்டில் புழு ஏன் சாகவில்லை என்பது இப்போது புரிகிறதா? அங்கே மாமாக்கள் இல்லை.

ஆனால் இந்த ஆட்களைப் பெற்று மண்டபத்துக்குள் அனுப்பும் தாய் பூட்டிய பின்கட்டில் பத்திரமாக இருக்கிறாள். வழக்கமான அளவு மருந்து அவளைக் கொல்வதில்லை. பின்கட்டுக் கதவுக்குத் தாழ் போடுகிறது. சில மாதங்களுக்குக் குஞ்சுகள் வெளியே வர முடியாமல் அவள் வயிற்றுக்குள்ளேயே அழிகின்றன. பிறகு தாழ் தளர்ந்து குஞ்சுகள் மறுபடி வரத் தொடங்கும். ஆகவே வருஷத்துக்கு ஒரு தடவையாவது தாழ் போட வேண்டும், அவள் கிழவியாகிச் சாகும் வரை.

மாத்திரையின் இந்தக் குறைதான் தானத்தின் தரத்தைத் தீர்மானிக்கிறது. மூன்று வருஷம் கொடுத்துப் படம் பிடித்து விளம்பரப்படுத்திவிட்டு நிறுத்தியிருந்தால் தாய்ப்புழு மிச்சமிருக்கும் காலத்தில் எல்லாவற்றையும் பழையபடி ஆக்கியிருக்கும். மெர்க்கின் அன்றைய தலைவர் ராய் வாகெலோஸ் அறிவித்தது வேறு: தேவைப்படும் அளவு, தேவைப்படும் காலம் வரை. அந்த இரண்டாம் பாதி புழுவின் ஆயுளுக்கு ஈடுகொடுத்தது. நான் பாராட்டுவது அதைத்தான்.

பாராட்டுக்கு எல்லையும் உண்டு. மாடு, ஆடுகளுக்கு விற்ற இதே மருந்தில் நிறுவனம் பெரும் லாபம் பார்த்திருந்தது. ஆற்றங்கரை ஏழைகளால் எப்படியும் விலை கொடுத்து வாங்கியிருக்க முடியாது. மாத்திரையை வீடு வீடாகக் கொண்டுசேர்ப்பவர்கள் அந்தந்தக் கிராமமே தேர்ந்தெடுத்த தொண்டர்கள். அவர்கள் கையில் எடை இயந்திரம் இல்லை, அளவுகோடு போட்ட ஒரு குச்சிதான். உயரத்தைப் பார்த்து ஒன்று முதல் நான்கு மாத்திரை. 90 சென்டிமீட்டருக்குக் கீழே உள்ள குழந்தைக்கு இல்லை, கர்ப்பிணிக்கும் இல்லை. நைஜரிலோ மாத்திரைக்கு முன்பே, 1976 முதல் 1989 வரை, ஈயின் புழுப்பருவத்தை அழிக்க ஆறுகளில் பூச்சிமருந்து தெளித்தார்கள். ஊர் ஊராக மாத்திரை கொடுத்தது 2008இலிருந்து 2019 வரை; அதுவும் யானைக்கால் நோயை ஒழிக்க, ஜிஎஸ்கே நிறுவனம் தந்த அல்பெண்டசோல் என்ற இன்னொரு மருந்தோடு சேர்த்து. வெற்றி முழுவதையும் ஒரு மாத்திரையின் கணக்கில் எழுதினால் அது பொய்க்கணக்கு.

மத்திய ஆப்பிரிக்காவில் சிக்கல் இன்னும் தீரவில்லை. அங்கே லோவா லோவா என்ற இன்னொரு புழு உண்டு. அதன் குஞ்சுகள் ரத்தத்தில் மிக அதிகமாக இருப்பவர் ஐவர்மெக்டின் சாப்பிட்டால் மூளை பாதிக்கப்பட்டு நினைவிழக்க நேரிடலாம். அங்கே முதலில் ரத்தத்தைப் பார்த்துவிட்டு மாத்திரை கொடுப்பதே பாதுகாப்பானது.

கொரோனா சமயத்தில் நடந்தது, ஆய்வகத் தட்டில் புழு சாகாத அந்தக் கதைக்கு நேர்மாறு. 2020இல் ஆய்வகத் தட்டில் இந்த மருந்து வைரஸை அடக்கியது என்று செய்தி வந்ததும் உலகமே பரபரத்தது. அந்தத் தட்டில் ஊற்றிய செறிவு, வழக்கமான மாத்திரை அளவில் ரத்தத்தில் சேர்வதைவிடப் பல மடங்கு அதிகம். பிறகு நடந்த பெரிய மருத்துவச் சோதனைகளில் பலன் தெரியவில்லை. புழு விஷயத்தில் தட்டில் தோற்ற மருந்து உடம்பில் ஜெயித்தது; வைரஸ் விஷயத்தில் தட்டில் ஜெயித்தது உடம்பில் தோற்றது. அடுத்த முறை ஆய்வகத் தட்டை மட்டும் காட்டி யாராவது ஒரு மருந்தைப் புகழ்ந்தால், தயவுசெய்து கடைக்கு ஓடாதீர்கள்.

ஆற்றுக் குருட்டு நோய்க்கு மாத்திரை கொடுப்பதை நிறுத்தினாலும் வேலை முடிவதில்லை. அதன்பிறகு குறைந்தது மூன்று ஆண்டுகள் கண்காணிக்க வேண்டும். ஆற்றங்கரையில் ஈக்களைப் பிடித்து அவற்றுக்குள் புழுவின் மரபுப்பொருள் இருக்கிறதா என்று தேடுகிறார்கள். பத்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள். நைஜர் 2025இல் பெற்ற சான்று, 49 ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய வேலைக்கு.