மோட்டார் வண்டியின் ஊளை

மோட்டார் வண்டி ஒன்று மேட்டில் ஏறத் தொடங்குகிறது. ஓட்டுநர் ஆக்சிலரேட்டரை மிதிக்கிறார். வேகம் கூடக் கூட வண்டியின் அடியிலிருந்து மெல்லிய ஊளை ஒன்று எழுகிறது. காலை எடுத்தால் அது தணிகிறது. மீண்டும் மிதித்தால் மீண்டும் எழுகிறது. ஓட்டுநர்களுள் சிலர் இதனைக் கேட்டவுடன் வானொலியை உரக்க வைத்துக் கொள்வர். வேறு சிலர் பட்டறைக்கு விரைந்து, குற்றம் இன்னதென்று அறியுமுன்னரே ஏதோ ஒரு பாகத்தை மாற்றிவிட்டு, அதே ஊளையுடன் வீடு திரும்புவர். வாடகை வண்டி ஓட்டிப் பிழைப்பவருக்கு இவ்வீண் செலவு பல நாள் வருவாயாகும். முன்னவர் செயலோ அதனினும் தீது. ஊளைக்குக் காரணம் சக்கரத்தின் பேரிங்காக இருந்து, அது நெடுஞ்சாலையில் இறுகிக்கொள்ளுமாயின் உயிருக்கே கேடு.

இவ்வொலி எங்ஙனம் பிறக்கிறது? இரு பற்சக்கரங்கள் ஒன்றையொன்று தள்ளிச் சுழலும்பொழுது பல்லோடு பல் மோதுகிறது. மோதல் மிக மெல்லியதே; ஆயினும் விநாடிக்கு நூற்றுக்கணக்கில் நிகழ்வதால் ஒரே சுருதியாகக் காதில் விழுகிறது. மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி விநாடிக்கு 20 மீட்டர் கடக்கும். சக்கரத்தின் சுற்றளவு 2 மீட்டர் எனக் கொண்டால், அது விநாடிக்கு 10 முறை சுழலும். அதனுடன் சேர்ந்து சுழலும் பற்சக்கரத்தில் 40 பற்கள் இருப்பின், விநாடிக்கு 400 மோதல்கள் நிகழும். வேகம் பாதியானால் மோதல் 200 ஆகும். குரலும் சரியாக ஒரு ஸ்தாயி இறங்கிவிடும். ஆகவே, ஊளையின் குரல் என்ஜினின் வேகத்தைப் பின்பற்றுகிறதா, சக்கரத்தின் வேகத்தைப் பின்பற்றுகிறதா என்று கண்டுகொண்டால், நோயின் இருப்பிடம் பாதி விளங்கிவிடும்.

முதற்சோதனைக்கு வண்டி ஓட வேண்டுவதில்லை. அதனை நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைத்து, என்ஜினின் வேகத்தை மட்டும் கூட்டுதல் வேண்டும். அப்பொழுதும் ஊளை எழுந்தால், சக்கரங்களின் மேல் பழியில்லை. என்ஜினின் முன்புறத்துப் பெல்ட்டும், அது சுழற்றும் ஆல்ட்டர்னேட்டர், நீர்ப் பம்பு முதலியவற்றின் பேரிங்குகளுமே முதலில் ஐயத்திற்குரியவை. என்ஜினை நிறுத்திவிட்டுப் பெல்ட்டைக் கழற்றி, ஒவ்வொரு கப்பியையும் கையால் சுழற்றிப் பார்த்தால், கெட்ட பேரிங்கு கரகரப்பாலோ ஆட்டத்தாலோ தன்னைக் காட்டிக்கொடுக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது ஊளை மிகுமாயின், அதற்கு உதவும் பம்பில் எண்ணெய் குறைந்திருக்கலாம். வானொலிப் பெட்டியை அணைத்தவுடன் ஊளையும் நின்றுவிட்டதா? அங்ஙனமாயின் அது இயந்திரத்தின் ஒலியே அன்று; ஆல்ட்டர்னேட்டரின் மின்னோட்டம் ஒலிபெருக்கியிற் கலந்து செய்யும் குறும்பு.

1816-ஆம் ஆண்டில் பிரெஞ்சு மருத்துவர் லென்னக் காகிதத்தைக் குழலாகச் சுருட்டி நோயாளியின் நெஞ்சொலியைக் கேட்டார். நீண்ட திருப்புளியின் முனையைப் பாகத்தின் கூட்டில் ஊன்றிக் கைப்பிடியைக் காதருகே வைத்துக் கேட்கும் மெக்கானிக்கும் அவ்வழியினரே. ஓடும் பெல்ட்டும் விசிறியும் விரலைத் துண்டிக்கவல்லன ஆதலால், பழகாதவர் இதனைச் செய்து பார்த்தல் கூடாது.

நின்ற வண்டியில் ஒலி இல்லையேல், ஆளற்ற சாலையில் ஓட்டிப் பார்க்க வேண்டும். ஒரே வேகத்தில் மூன்றாங் கியரிலும் நான்காங் கியரிலும் செலுத்தினால், சக்கரத்தின் வேகம் மாறாது. என்ஜினின் வேகம் மாறும். 2014-இல் உற்பத்தி நின்ற அம்பாசிடரின் பழைய நாற்கியர் வண்டியை எடுத்துக்கொள்வோம். அதில் நான்காங் கியரில் என்ஜினின் விசை எந்தப் பற்சக்கர இணையின் வழியும் செல்லாமல் கியர்ப் பெட்டியை நேரே கடந்துவிடும். எனவே, மற்றக் கியர்களில் ஊளையிட்டு நான்காவதில் அடங்கினால் குற்றம் கியர்ப் பெட்டியில் உள்ளது. பின்னோக்கிச் செல்லுங்கால் மட்டும் ஊளை எழுந்தால் அஞ்ச வேண்டுவதில்லை. பல வண்டிகளில் அக்கியரின் பற்கள் நேராக வெட்டப்பட்டவை; சாய்பற்களைப் போல மெல்ல மெல்லப் பொருந்தாமல் ஒரே அடியாக மோதும் இயல்பின.

நான்கு கியர்களிலும் ஒரே வேகத்தில் ஒரே குரல் கேட்டால், பின் அச்சின் நடுவிலுள்ள டிஃபரன்ஷியலையோ சக்கரங்களையோ நாட வேண்டும். மிதிக்கும்போது எழுந்து, காலை எடுத்ததும் மாறும் ஊளை பெரும்பாலும் டிஃபரன்ஷியலின் கிரௌன் சக்கரமும் பினியனும் எழுப்புவது. பேரிங்கின் முனகலோ வளைவுகளில் மாறும். வண்டி இடப்புறம் திரும்பும்போது பாரம் வலச் சக்கரங்களின் மேல் சாயும். அப்பொழுது ஒலி மிகுந்தால் வலப்புறப் பேரிங்கைச் சோதிக்க வேண்டும். சாலையின் தளம் மாறியதும் ஒலியும் மாறினால், அது டயரின் ஒலி.

பழுது பார்ப்போர் முதலில் கழற்ற வேண்டியது எண்ணெய் அடைப்பானைத்தான். டிஃபரன்ஷியலில் எண்ணெய் குறைந்திருந்தால் உரிய எண்ணெயை ஊற்றிக் கசிவை அடைக்க வேண்டும். தொடக்க நிலையில் இதுவே போதுமானதாகவும் இருக்கலாம். எண்ணெயில் இரும்புத் துகள்கள் மின்னினால் தேய்மானம் முற்றிவிட்டது என்பது பொருள். பழைய வண்டியை விற்போருள் சிலர் இந்நிலையில் எண்ணெயுடன் மரத்தூளைக் கலந்து ஊளையை அடக்கிவிடுவர். வாங்கியவன் சில நாளில் உண்மையை அறிந்துகொள்வான்.

கிரௌன் சக்கரமும் பினியனும் ஒன்றோடொன்று இழைத்துப் பொருத்தப்பட்ட இணை. ஆகையால் ஒன்று கெட்டால் இரண்டையும் மாற்றுவதே முறை. மாற்றுங்கால் பற்களில் வண்ணப் பசையைத் தடவிச் சுழற்றுவர். பற்கள் தொட்ட தடம் பல்லின் நடுவில் விழும்வரை மெல்லிய தகடுகளைச் சேர்த்தும் நீக்கியும் இடைவெளியைத் திருத்துவர். தடம் ஓரத்தில் விழுந்த நிலையில் மூடிவிட்டால், புதிய சக்கரங்களும் அடுத்த மேட்டிலேயே ஊளையிடும்.