12 கஜ தூரம்

புதுக்கோட்டையில் எங்கள் எதிர் வீட்டுப் பையன் ஒரு நாள் ராத்திரி சாப்பாடு வேண்டாம் என்று குப்புறப் படுத்துவிட்டான். ஜுரமா என்றால் ஜுரம் இல்லை. பரீட்சையில் கோட்டா என்றால் அதுவும் இல்லை. பள்ளிக்கூடங்களுக்குள் நடந்த கால்பந்துப் பந்தயத்தில் பெனால்டி உதைக்கும் பொறுப்பு அவன் தலையில் விழுந்திருக்கிறது. எதிரே கோல்கீப்பர் ஒருவன்தான். நடுவே 12 கஜ தூரம். பையன் உதைத்த பந்து, "இந்தா அண்ணே, பிடிச்சுக்கோ" என்று நீட்டின மாதிரி நேராகக் கோல்கீப்பர் கைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது!

"தினம் முட்டை, பால், கேட்ட விலைக்கு பூட்ஸ்! ஓங்கி ஒரு உதை விடறதுக்கு என்னடா?" என்று அவன் தாயார் பொரிந்து தள்ளிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும், "நீங்களே கேளுங்க அக்கா!" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏனென்றால் இதே கேள்வியை இங்கிலாந்தில் ஒரு தாயார் தம் மகனிடம் கேட்டிருக்கிறார். மகன் லேசுப்பட்டவர் அல்ல. இங்கிலாந்து தேசத்துக்கே ஆடியவர். கேரத் சவுத்கேட் என்று பெயர். 1996 ஜூன் மாதம் லண்டன் வெம்ப்ளி மைதானத்தில், ஜெர்மனிக்கு எதிராக ஐரோப்பியக் கோப்பை அரை இறுதி ஆட்டம். சமமாக முடிந்ததால் பெனால்டி. சவுத்கேட் உதைத்த பந்தைக் கோல்கீப்பர் தடுத்துவிட்டார்; இங்கிலாந்து தோற்றது. "ஓங்கி உதைத்திருக்கக் கூடாதா?" என்று தாயார் கேட்டாராம். பெற்ற மனசுக்கு இங்கிலாந்து என்ன, புதுக்கோட்டை என்ன!

பந்தை உதைப்பது காலுடைய வேலை என்றுதான் நாம் நினைக்கிறோம். நார்வே தேசத்து மனோதத்துவ ஆராய்ச்சியாளர் கெய்ர் யூர்டெட் அப்படி நினைக்கவில்லை. உலகக் கோப்பை, ஐரோப்பியக் கோப்பை போன்ற பெரிய பந்தயங்களின் பெனால்டிப் படங்களைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார். "இந்த உதை கோலானால் ஜெயம்" என்ற நிலைமையில் உதைத்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் கோல் போட்டிருந்தார்கள். "இது தவறினால் தோல்வி" என்ற நிலைமையிலோ, சுமார் அறுபது பேர்தான்! அதே தூரம், அதே பந்து. உதைப்பவர்களும் தேர்ந்த ஆட்டக்காரர்களே. மனசில் வந்து உட்கார்ந்த பயம் ஒன்றுதான் வித்தியாசம்.

பயம் என்ன செய்கிறதென்றால், அவசரப்படுத்துகிறது. நடுவர் விசில் ஊதினாரோ இல்லையோ, "எப்படியாவது தொலைந்தால் சரி" என்று ஓடிப் போய் உதைக்கச் சொல்கிறது. அப்படி உதைத்தவர்கள்தான் அதிகம் தவறவிட்டார்கள் என்று கண்டார் யூர்டெட். இது நமக்குத் தெரியாத சமாசாரமா? தினம் வார்க்கிற தோசைதான். சம்பந்தி வீட்டார் அடுப்படியில் வந்து நின்று பார்த்தால் மட்டும் கல்லில் ஒட்டிக்கொள்கிறதே!

தவறவிட்ட சவுத்கேட், பிற்பாடு இங்கிலாந்துக் கோஷ்டிக்கு மானேஜராக வந்தார். பெனால்டி என்பது அதிர்ஷ்டம் என்ற பேச்சை ஒதுக்கிவிட்டு, பையன்களைப் பழக்க ஆரம்பித்தார். மைதானத்தின் நடுவிலிருந்து தனியாக நடந்து வருவது, பந்தை வைப்பது, ஒரு மூச்சு இழுத்து நிதானிப்பது எல்லாம் அப்பியாசத்தில் சேர்ந்தன. 2018 ஜூலையில் மாஸ்கோவில் கொலம்பியாவை வென்றார்கள். உலகக் கோப்பையில் இங்கிலாந்து பெனால்டியில் ஜெயித்தது அதுதான் முதல் தடவை.

அப்புறம் என்றுமே ஜெயம்தான் என்று எண்ணிவிடாதீர்கள். 2021-ல் இத்தாலியுடன் இறுதி ஆட்டம். கடைசி உதை 19 வயது புக்காயோ சாகாவுக்கு வந்து, தவறிப் போயிற்று. பெரியவர்கள் பலர் வாய்க்கு வந்தபடி ஏசினார்கள். அந்தப் பிள்ளையே 2024-ல் ஸ்விட்ஸர்லாந்துக்கு எதிராக மறுபடியும் அதே 12 கஜ தூரத்தில் வந்து நின்று, கோல் போட்டார். எனக்கு 2018 வெற்றியைவிட இதுதான் பெரிதாகப் படுகிறது.

"அது வெள்ளைக்காரன் சமாசாரம். நம்ம பக்கத்துப் பிள்ளைங்களுக்கு?" என்றாள் எதிர் வீட்டுக்காரி.

நம் பக்கத்துக்கும் வருவோம். திருமயம் கோட்டையைத் தாண்டி, ஜில்லா எல்லையையும் கொஞ்சம் தாண்டினால் காரைக்குடிக்கு அருகே கண்டனூர். அந்த ஊரில் 2001-ல் பிறந்தவர் சிவசக்தி நாராயணன். பெங்களூர் கோஷ்டியில் சேர்ந்தார். 2022 செப்டம்பரில் கல்கத்தாவில் நடந்த டூரண்ட் கோப்பை இறுதி ஆட்டத்தில் பெங்களூருக்கு முதல் கோலைப் போட்டவர் இவர்தான். அந்த வருஷத்து இந்தியன் சூப்பர் லீகில், வளரும் ஆட்டக்காரருக்கான பரிசும் இவருக்கே கிடைத்தது.

இவர் களத்தில் இறங்குவதற்காக வெளியே உட்கார்ந்தவர் யார் தெரியுமா? சாக்ஷாத் சுனில் சேத்ரி! இந்தியாவுக்காக இவரைவிட அதிகம் கோல் போட்டவர் கிடையாது. அப்போது வயது 38. பையன் ஆடுகிறான், பெரியவர் பெஞ்சியில் காத்திருக்கிறார். மாமியார் உட்கார்ந்து மருமகள் சமையலைப் பார்ப்பதைவிடக் கஷ்டமான காரியம் அது! சேத்ரி முகம் தூக்கவில்லை. தூக்கத்திலும் சாப்பாட்டிலும் தமக்கிருந்த கட்டுப்பாட்டைத் தளர்த்தவும் இல்லை. 2023 மார்ச்சில் பம்பாய்க் கோஷ்டியுடன் நடந்த அரை இறுதியில், பாதிக்கு மேல் இறங்கித் தலையால் முட்டி ஒரு கோல் போட்டார். முதல் ஆட்டம் பெங்களூருக்கு.

பிறகு கோவாவில் இறுதி ஆட்டம். சிவசக்தி முதல் பதினொருவரில் இருந்தார். ஆட்டம் தொடங்கிய சில நிமிஷங்களில் காயம்! வருஷம் முழுக்க உழைத்தது எதற்கோ, அதைக் கண்ணெதிரே விட்டுவிட்டு அந்தப் பிள்ளை வெளியே வர வேண்டியதாயிற்று. உள்ளே போனவர் சேத்ரி. ஆட்டத்தின் நடுவே கிடைத்த பெனால்டியையும் கோலாக்கினார், முடிவில் வந்த பெனால்டி வரிசையிலும் தம் உதையைக் கோலாக்கினார். ஆனால் கோஷ்டி 4-3 என்று தோற்றது.

"அப்புறம்?" என்று கேட்டது ஒரு குரல். குப்புறப் படுத்திருந்தவன் எழுந்து உட்கார்ந்திருந்தான்.

"அப்புறம் என்ன? காயம் ஆறினதும் மறுபடியும் பந்தைத் தேடிப் போனார்" என்றேன்.

"விசில் ஊதினதும் நான் ஓடிட்டேன் பெரியம்மா. எந்தப் பக்கம் உதைக்கணும்னுகூட நினைக்கலை" என்றான் மெதுவாக. அவன் தாயார் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் கண்ணைக் காட்டினேன். உள்ளே போய்த் தட்டை எடுத்து வந்தாள்.

இப்போது சாயங்காலங்களில் எங்கள் தெருக் கோடிச் சுவரில் சாக்குக் கட்டியால் ஒரு கோல் வரைந்திருக்கிறது. பையன் 12 கஜத்தை அளந்து பந்தை வைக்கிறான். பின்னால் நாலு எட்டு. நிற்கிறான். மூச்சு விடுகிறான். அவன் தங்கை வாயில் இரண்டு விரலை வைத்து விசில் அடிக்கிறாள். அவன் உடனே ஓடுவதில்லை.

மூன்றுக்கு ஒன்று இன்னும் சுவருக்கு மேலே போய், பக்கத்துத் தோட்டத்தில் விழுகிறது. வாசற்படியில் நிற்கிற தாயார், "சாப்பாடு ஆறுதுடா" என்று மட்டும்தான் சொல்கிறாள்.