சிறுநீரகத்துக்காகக் காத்திருக்கும் வீடு



மஹல்லாவில் ஒருவருக்கு ஆபரேஷன் என்றால் ஜும்ஆவில் துஆ செய்கிறோம், வசூல் செய்கிறோம், ஆஸ்பத்திரி வராந்தா நிறையப் போய் நிற்கிறோம். அல்ஹம்துலில்லாஹ், நல்ல பழக்கம். ஆனால் சிறுநீரகம் செயலிழந்து, மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பெயர் பதிந்திருக்கும் குடும்பத்துக்கு ஆபரேஷன் ஒருநாள் காரியம். அதற்கு முந்திய காத்திருப்பு சில சமயம் வருடக்கணக்கில் நீள்கிறது. நம் உதவி அந்தக் காலத்தில்தான் மெலிந்து போகிறது.

வழக்கமாக வாரம் மூன்று முறை டயாலிசிஸ், ஒவ்வொரு முறையும் சுமார் நான்கு மணி நேரம். போகவர என்று பகல் முழுதும் கழிந்துவிடும். கடை வைத்திருந்தால் அன்று ஷட்டர் திறக்காது. கூலி வேலையென்றால் வேலையே போய்விடும். வீட்டில் முதலில் அடிபடுவது மூத்த பிள்ளையின் படிப்பு. அதுவும் பெண்பிள்ளையாக இருந்தால், 'தம்பிகளைப் பார்த்துக்கொள்' என்று நிறுத்திவிடுகிறார்கள். ஆகவே இப்படி மனு வந்தால், மருந்து பில்லோடு பிள்ளைகளின் பள்ளிக் கட்டண ரசீதையும் கேட்டு வாங்குகிறேன்.

பெயர் பதிவது மருத்துவமனை மூலமாக. மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்புகளைத் தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையம் இரத்த வகையும் வரிசையும் பார்த்து ஒதுக்குகிறது. பணம் கொடுத்து முந்த வழியில்லை. 'வாங்கித் தருகிறேன்' என்று வரும் தரகரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். உறுப்பை விலைக்கு வாங்குவதும் விற்பதும் 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி சிறைத் தண்டனைக்குரிய குற்றம்.

உயிரோடிருக்கும் நெருங்கிய உறவினர் ஒரு சிறுநீரகம் கொடுக்கலாம். மார்க்கத்தில் கூடுமா என்று கேட்பார்கள். ஓ.ஐ.சி.யின் சர்வதேச ஃபிக்ஹ் அகாடமி 1988-இல் ஜித்தாவில் கூடி, விற்பனை கூடாது, கொடுப்பவருக்குப் பெருந்தீங்கு வரக்கூடாது முதலான நிபந்தனைகளோடு அனுமதித்தது. மாற்றுக் கருத்துள்ள ஆலிம்களும் உண்டு. உங்கள் இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நான் சொல்ல வருவது வேறு. 'மனைவிதானே, கொடுக்கட்டுமே' என்று கூடத்தில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்லாதீர்கள். அது அந்தப் பெண்ணின் உடல். அவர் மனமுவந்து சொல்ல வேண்டும். மருத்துவமனையில் அவரைத் தனியாக அழைத்து விசாரிப்பதும் இதற்காகத்தான்.

நோய் விசாரிக்கப் போகிறவர்கள் கையோடு இளநீர், வாழைப்பழம், பேரீச்சம்பழம் கொண்டுபோகிறோம். டயாலிசிஸ் நோயாளிக்கு இவற்றிலுள்ள பொட்டாசியம் இதயத்தையே நிறுத்திவிடக்கூடும். தண்ணீருக்கும் அளவு உண்டு, ஜம்ஜம் உட்பட. ஒரு மிடறு போதும், வற்புறுத்தாதீர்கள். கொடுக்க நினைப்பவர்கள் டயாலிசிஸ் நாளில் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு கொடுங்கள், அல்லது ஆட்டோ வாடகையை ஏற்றுக்கொள்ளுங்கள்.

அழைப்பு நடுநிசியிலும் வரலாம். ஒரே உறுப்புக்கு ஒன்றுக்கு மேற்பட்டவர்களைக் கூப்பிடுவதும் உண்டு. பரிசோதனையில் பொருந்தாவிட்டால் திரும்ப வேண்டியதுதான். 'அத்தாவுக்குக் கிடைச்சிருச்சு' என்று அதற்குள் தெரு முழுக்கச் செய்தி பரப்பினால், மறுநாள் அந்த வீட்டார் எல்லோருக்கும் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். வண்டி ஓட்ட ஒருவர், இரவில் பிள்ளைகளோடு தங்க ஒரு மாமி, இந்த இருவரை முன்கூட்டியே பேசி வைத்தால் போதும். ஆபரேஷன் முடிந்த பிறகு எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மாத்திரை தருவார்கள். சாதாரணச் சளியும் ஆபத்து. முதல் சில மாதங்கள் போனில் ஸலாம் சொல்லி நிறுத்திக்கொள்ளுங்கள். அந்த மாத்திரை ஆயுளுக்கும் வேண்டும் என்பதால் செலவும் தொடரும்.

பண விஷயம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம். டயாலிசிஸும் சிறுநீரக மாற்றும் அதில் அடங்கும். ஜகாத் பெறத் தகுதியுள்ள குடும்பமென்றால் தொகையை ரமலானிலேயே அவர்கள் கையில் ஒப்படைத்துவிடுகிறோம். ஆனால் பில் ஷவ்வாலிலும் வருகிறது, ஸஃபரிலும் வருகிறது. ஆகவே மாதம் 200 ரூபாயானாலும் ஸதகாவாகத் தவறாமல் தருவோரின் பட்டியல் ஒன்று தொடங்கியிருக்கிறோம். பெயர் கொடுக்க விரும்புவோரும், மனு எழுத உதவி தேவைப்படுவோரும் அஸருக்குப் பின் அலுவலகம் வரலாம். மனுவுக்கு ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று, டாக்டர் சீட்டு நகல்கள் வேண்டும். நோயாளியின் பெயர் பள்ளிவாசலில் அறிவிக்கப்படாது. வீட்டார் கேட்டுக்கொண்டால் மட்டுமே அறிவிப்போம்.